பாதை எங்கே?

யாழ்ப்பாணம் பார்க்கப் போகிற அன்பர்களில் பலர், வந்து இறங்கியவுடனேயே ஒரு மோட்டார் வண்டியை நாள் வாடகைக்கு அமர்த்திக்கொள்கிறார்கள். கோட்டை, நூல்நிலையம், நல்லூர்க் கந்தன் கோயில், கீரிமலைக் கேணி என்று வரிசையாகக் காட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் விடுதியில் கொண்டுவந்து சேர்த்துவிடும் அவ்வண்டி. நான் அங்கே இருந்த நான்கு நாட்களும் பஸ்ஸிலேயே திரிந்தேன். சிக்கனம் அதற்கு ஒரு காரணம், அதை மறைப்பானேன்? ஆனால் சிக்கனத்தை நாடிப் போனவனுக்கு வேறு சில செல்வங்களும் கிடைத்தன. அவற்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

குடாநாட்டுக்கு இரும்புப் பாதை வந்த கதையே சுவையானது. 1902-இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலில் வண்டி ஓடிற்று; தென்னிலங்கையோடு அது இணைந்தது 1905-இல்தான். 1956-இல் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியபின், கொழும்பு உத்தியோகத்தர்களின் வாழ்வில் அந்த வண்டியும் ஒரு சுற்றத்தவர்போல ஆகிவிட்டது. 1990-இல் போர் அதை நிறுத்திற்று. தண்டவாளங்களும் குறுக்குக் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகள் கட்டப் பயன்பட்டன. இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின், 2014 ஒக்டோபர் 13 அன்றுதான் யாழ்ப்பாணத்தில் மறுபடியும் புகையிரதத்தின் ஊதல் கேட்டது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அது காங்கேசன்துறைவரை சென்றது.

தரைவழியின் கதையும் அத்தகையதே. கண்டிக்குச் செல்லும் ஏ 9 நெடுஞ்சாலை 2002-இல் திறக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் மூடப்பட்டு, 2009-க்குப் பிறகே நிலையாகத் திறந்தது. ஆகவே, “பஸ் வருமா?” என்று நாம் அலட்சியமாகக் கேட்கும் கேள்வி, அவ்வூரில் ஒரு தலைமுறையின் முழு வாழ்க்கையையும் தாங்கிய கேள்வியாகும்.

நகரின் நடுவே இருக்கிறது பஸ் நிலையம். அங்கிருந்து கோட்டையும், மணிக்கூட்டுக் கோபுரமும், 1981-இல் எரியுண்டு பின்னர் புதுக்கப்பட்ட பொது நூல்நிலையமும் காலாற நடந்தே போய்க் காணக்கூடிய தூரந்தான். வெளியூர்களுக்குத்தான் பஸ் தேவை. போக்குவரத்துச் சபையின் சிவப்பு வண்டிகளும், தனியாரின் சிறு வண்டிகளும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. புதியவர் ஒன்றை மறந்துவிடக் கூடாது: ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து ஏறுவது பிழை. பருத்தித்துறைக்கு நெல்லியடி வழியாகவும் போகலாம். வல்வெட்டித்துறை வழியாகவும் போகலாம். வழியைக் கேட்டு ஏறுவதே உத்தமம்.

முதல் நாள் காங்கேசன்துறை வீதியால் போனேன். கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று ஊர்கள் ஒன்றன் வாலை ஒன்று பற்றிக்கொண்டு வந்தன. எங்கே ஓர் ஊர் முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கிற்று என்பது எனக்கு விளங்கவில்லை, சந்திகளே அடையாளம். இறங்க வேண்டியவர் மணி அடிப்பதுமில்லை, கண்டக்டரைத் தேடுவதுமில்லை. இருந்த இடத்திலிருந்தே “இறக்கம்!” என்று ஒரு குரல், வண்டி நின்றுவிடுகிறது. எத்தனை சிக்கனமான தமிழ்! எனக்கோ வாய் கூசிற்று. நான் இறங்க நினைத்த சந்தி கடந்து இரண்டு சந்திகள் போனபின், பின்னால் யாரோ சொன்ன ‘இறக்க’த்தோடு ஒட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.

மூன்றாம் நாள் காரைநகருக்குப் புறப்பட்டேன். மானிப்பாய், சங்கானை, வட்டுக்கோட்டை என்று சென்றது வண்டி. வட்டுக்கோட்டையைக் கண்டபோது நெஞ்சு சற்றே நிமிர்ந்தது. 1823-இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே நிறுவிய செமினரியிலே படித்தவர்தான் சி. வை. தாமோதரம்பிள்ளை. 1857-இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான அவர், 1887-இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். நாம் கலித்தொகை படிப்பதற்கு இந்த வீதியிலும் ஒரு காரணம் இருந்திருக்கிறது.

“ஊர்காவற்றுறைக்கும் போக எண்ணம், திரும்பி யாழ்ப்பாணம் வந்துதான் போகவேண்டுமோ?” என்று கண்டக்டரைக் கேட்டேன்.

“ஏன் ஐயா? துறையடியிலை இறங்கிப் பாதையாலை போங்கோ” என்றார் அவர்.

இறங்கினேன். பஸ் போய்விட்டது. முன்னே கடல்; பின்னே வந்த வழி. இடமும் வலமும் பார்த்தேன். ஊர்காவற்றுறைக்குப் போகும் சாலை எதுவும் கண்ணில் படவில்லை. கரையில் ஒரு மூட்டையோடு அமர்ந்திருந்த ஆச்சி ஒருவரிடம், “பாதை எங்கே?” என்று கேட்டேன்.

“இனித்தான் தம்பி வரும்” என்றார்.

பாதை வருவதாவது! ஆச்சி கடலைக் காட்டினார். அக்கரையிலிருந்து தட்டையான ஓர் இரும்பு மிதவை, சைக்கிள்களையும் மனிதர்களையும் சுமந்துகொண்டு மெல்ல வந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் அங்கே பாதை என்று பெயர்! சாலைக்குப் பொறுப்பான அதிகாரசபையே அதையும் நடத்துகிறது. அன்று என்னிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை. சாலையில் நடப்பதற்குக் காசு உண்டோ? பெயர் பொருத்தமானதுதான்.

ஏறினோம். நீரின் நடுவே, போர்த்துக்கேயர் கட்டி 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை தெரிந்தது. அதை இரசிக்கும் மனநிலை எனக்கில்லை. வெயில் தாழ்ந்துவிட்டது. அக்கரையில் பஸ் போயிருந்தால், தங்க இடமறியாத தீவில் என் கதி என்ன? கடிகாரத்தை நான் பார்த்த பார்வையை ஆச்சி பார்த்துவிட்டார்.

“தம்பி இந்தியாவோ? பயப்பிடாதையுங்கோ. பாதை வாறது அவைக்குத் தெரியும், விட்டிட்டுப் போகமாட்டினம்.”

அவ்வாறே பஸ் நின்றது. சாரதி இயந்திரத்தை முடுக்கிக்கொண்டே கரையைப் பார்த்திருந்தார். ஆச்சி மூட்டையோடு ஏறி அமரும்வரை வண்டி அசையவில்லை. பக்கத்து ஆசனத்தில் இருந்து அவர் பேசிக்கொண்டு வந்தார். 1990-இல் கட்டிய சேலையோடு தீவை விட்டுப் போனவராம். சாவகச்சேரி, கிளிநொச்சி என்று அலைந்து, வெகுகாலத்திற்குப் பின் காணிக்குத் திரும்பியவராம். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த ‘குமுதினி’ படகில் பயணிகள் பலர் வெட்டுண்டு மாண்ட செய்தியையும் சொன்னார். தண்ணீரின் பக்கம் திரும்பாமலே அதைச் சொன்னார்.

“ஒரு காலம் இந்த றோட்டாலை பஸ் இல்லைத் தம்பி. இப்ப ஓடுது. அது காணும்.”

‘காணும்’ என்றால் அங்கே ‘போதும்’ என்று பொருள். ஆயினும் என் காதுக்கு அது இரண்டு பொருளிலும் கேட்டது.

வேலணைக்கு அப்பால், சந்தியுமில்லாத, கடையுமில்லாத ஓரிடத்தில் “இறக்கம்” என்றார் ஆச்சி. குரலை உயர்த்தவேயில்லை, வண்டி நின்றது. வீதியோரம் கூரையிழந்த பழைய வீடு ஒன்று. அதன் அருகே தகரம் வேய்ந்த சிறு கொட்டில். சுற்றிலும் புதிதாக நட்ட கதியால் வேலி. கண்டக்டர் மூட்டையை இறக்கிப் படலையடியில் வைத்துவிட்டு ஓடிவந்து ஏறினார். பஸ்ஸில் இருந்தவர்களில் ஒருவராவது அதைத் தாமதம் என்று எண்ணியதாகத் தெரியவில்லை.

வாடகை மோட்டாரில் வந்திருந்தால் அந்த வீட்டை நான் பார்த்திருப்பேன். பாழ்வீடு என்று கடந்தும் போயிருப்பேன். அங்கே ஒருவர் இறங்குகிறார் என்பதை அறிந்திருக்கமாட்டேன்.

பண்ணைப் பாலத்தில் வண்டி ஏறியபோது இருபுறமும் கடல் செம்பாய்க் கிடந்தது. எதிரே கோட்டை மதிலும், அதற்கப்பால் நகரத்து விளக்குகளும் தெரிந்தன. நான் தங்கியிருந்த விடுதிக்குப் போகும் வீதி நெருங்கிற்று. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “இறக்கம்!” என்றேன்.

வண்டி நின்றது.