யானைத்தீயை அணைத்த ஊசி

சிறுமிக்கு வயது எட்டு. எடை 86 கிலோ. அவளுக்குத் தம்பி முறையான பையனுக்கு வயது இரண்டு. எடை 29 கிலோ. பிறந்தபோது இருவருமே மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருந்தார்கள். சில மாதங்களிலேயே பசி ஆரம்பித்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மறுபடி சாப்பாடு கேட்பார்கள். கொடுக்காவிட்டால் வீடே இரண்டுபடும். பாரம் தாங்காமல் சிறுமியின் கால் எலும்புகள் வளைந்துபோயின. எலும்பை நிமிர்த்த அறுவை சிகிச்சை செய்தார்கள், கால்களிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுத்தும் பார்த்தார்கள். பசி மட்டும் அப்படியே இருந்தது.

பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த குடும்பம் அது. 1990களின் நடுவில் இந்தக் குழந்தைகளின் ரத்தம் கேம்பிரிட்ஜில், ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையோடு சேர்ந்த ஸ்டீபன் ஓ'ராஹிலியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அங்கே ஆராய்ச்சிக்காகச் சேர்ந்திருந்த இளம் மருத்துவர் சதஃப் ஃபரூக்கி அதைச் சோதிக்கும் வேலையில் இறங்கினார்.

அடங்காத பசிக்கு நம் இலக்கியம் எப்போதோ பெயர் வைத்துவிட்டது. மணிமேகலையில் வரும் காயசண்டிகைக்கு வந்த நோய் 'யானைத்தீ'. முனிவரின் சாபத்தால் பன்னிரண்டு ஆண்டுகள் எதைத் தின்றாலும் வயிறு நிறையாமல் அவள் அலைகிறாள். அவளைத் தின்னிப் பண்டாரம் என்று காப்பியம் ஏசவில்லை, நோயாளியாகத்தான் பார்க்கிறது. இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்துக்கு அந்தப் பெருந்தன்மை எளிதில் வரவில்லை. பருத்த பிள்ளை என்றால் வாயைக் கட்டத் தெரியாதது, அதன் பெற்றோர் கண்டிக்கத் தெரியாதவர்கள் என்பதே பெரும்பாலும் தீர்ப்பாக இருந்தது.

தீர்ப்பைத் திருத்தும் வேலை ஒரு எலிக்கூண்டில் தொடங்கியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. 1949இல் அங்கே வளர்த்த சுண்டெலிகளில் ஒன்று அளவுக்கு மீறிப் பருத்திருந்தது. அந்த வம்சத்தில் வந்த இத்தகைய குண்டு எலிகள் மற்ற எலிகளைப் போல மூன்று மடங்குவரை எடை போட்டன. 1966இல் அதே ஆய்வகம் இன்னொரு வகைக் குண்டு எலியைப் பற்றி எழுதியது. இதற்கு நீரிழிவும் கடுமையாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டியவர் டக்ளஸ் கோல்மன். கனடாவில் பிறந்த உயிர்வேதியியலாளர். இரண்டு எலிகளின் விலாப்பக்கத் தோலைக் கீறி, ஒன்றோடொன்று வைத்துத் தைத்துவிடுவார். காயம் ஆறும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஒன்று கலக்கும். ஒன்றின் ரத்தத்தில் ஓடுவது மற்றதற்கும் கொஞ்சம் போகும். நீரிழிவுக் குண்டு எலியைச் சாதாரண எலியோடு தைத்தார். குண்டு எலி வழக்கம்போல் தின்றுகொண்டே இருக்க, சாதாரண எலி எதிரில் தீனி கிடந்தும் வாய் வைக்காமல் பட்டினியிலேயே செத்தது. அடுத்து இரண்டு வகைக் குண்டு எலிகளையும் ஜோடி சேர்த்தார். இப்போது செத்தது 1949 வம்சத்து எலி. அதையே சாதாரண எலியோடு தைத்தபோது சாகவில்லை. தீனியைக் குறைத்து இளைத்தது.

கொடூரமான சோதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதிலிருந்து கோல்மன் போட்ட கணக்கு அபாரம். 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது. 1949 வம்சத்துக்கு அந்தப் பொருளே சுரப்பதில்லை, வெளியிலிருந்து வந்தால் கேட்டுக்கொள்ளும். நீரிழிவு எலிக்கு அது வழிய வழியச் சுரக்கிறது, ஆனால் கேட்கும் காது இல்லை. 1973இல் இதை எழுதி வெளியிட்டார். பருமனுக்குப் பழக்கவழக்கமே காரணம் என்று உறுதியாக நம்பியவர்களிடம் அது எடுபடவில்லை. அந்தப் பொருள் எது என்று பிடித்துக்காட்டக் கோல்மனாலும் முடியவில்லை.

பிடித்தவர் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃபிரீட்மன். எட்டு ஆண்டுகள் எலியின் மரபணுத் தொடரைத் துழாவி, 1994 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார். அந்த மரபணு வேலை செய்த இடம்தான் பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் சதை என்று எல்லோரும் நினைத்த கொழுப்புத் திசுவே அந்த ஹார்மோனைச் சுரந்தது. மெலிவு என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள்.

எலியில் நடப்பது மனிதரில் நடக்குமா? கேம்பிரிட்ஜில் கிடைத்த விடை தெளிவாக இருந்தது. உடலில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு ரத்தத்தில் லெப்டினும் இருக்க வேண்டும். இந்த இரண்டு குழந்தைகளுக்கும் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. லெப்டின் மரபணுவின் எழுத்துகளில் குவானின் ஒன்று விடுபட்டிருந்தது. அந்த ஒரு எழுத்து போனதால் அதற்குப் பிறகு வரும் வாசகம் முழுவதும் குழம்பி, புரதம் உருப்படாமல் போனது. இப்படிப்பட்ட பழுது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோயாகும். சொந்தத்துக்குள் திருமணம் நடக்கும் குடும்பம் அது. அத்தை மகன், மாமன் மகள் உறவில் பெண் எடுக்கும் நமக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

1997இல் இந்தக் கண்டுபிடிப்பு வெளியானது. ஆய்வகத்தில் தயாரித்த லெப்டினைத் தினமும் ஊசியாகப் போட ஆரம்பித்தபோது சிறுமிக்கு ஒன்பது வயது, எடை 94.4 கிலோ. இரண்டே வாரங்களில் எடை இறங்கத் தொடங்கியது. ஓராண்டில் 16.4 கிலோ குறைந்தது, அதில் ஏறக்குறைய எல்லாமே கொழுப்பு. பையனின் கதை இன்னும் ஆச்சரியம். மூன்று வயதில் அவன் 42 கிலோ. ஊசிக்கு முன்னால், இஷ்டம்போல் சாப்பிடவிட்டு அளந்து பார்த்ததில் ஒரே வேளைக்குச் சுமார் 1,100 கலோரி உள்ளே போனது. வளர்ந்த ஆள் ஒருவருக்கு அரை நாளுக்குக் காணும். ஊசி தொடங்கியபின் அதே சோதனையில் சுமார் 180 கலோரியோடு தட்டைத் தள்ளிவிட்டான். நான்கு ஆண்டுகள் கழித்து அவன் எடை 32 கிலோ, வயதுக்கேற்ற பையன். யாரும் அவனை மிரட்டவில்லை, அலமாரியைப் பூட்டவும் இல்லை.

இதற்கிடையில் வியாபாரம் வேறு திசையில் ஓடியது. உலகத்தின் தொப்பைக்கெல்லாம் மருந்து கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாட, ஆம்ஜென் நிறுவனம் 1995இல் 2 கோடி டாலரை முன்பணமாகக் கொடுத்து லெப்டின் உரிமையை வாங்கியது. அடுத்த ஆண்டே கசப்பான செய்தி வந்தது. பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தது. கோல்மனின் இரண்டாவது எலியை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருந்திருக்காது. 1999இல் வெளியான சோதனையில் அதிக அளவு மருந்தை 24 வாரம் போட்டுக்கொண்ட எட்டுப் பேர் சராசரியாக 7.1 கிலோ இளைத்தார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் ஒரே ஏற்ற இறக்கம்; இதை நம்பிக் கடை விரிக்க முடியாது.

மருந்து தோற்றது என்று சொல்வது சரியல்ல. அதன் வேலையைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். பாஸ்டனில் ஜெஃப்ரி ஃபிளையரின் குழு 1996இல் எலிகளைப் பட்டினி போட்டுப் பார்த்தது. பட்டினியில் தைராய்டு மந்தமாகும், இனப்பெருக்கச் சுரப்புகள் அடங்கும். பட்டினி எலிக்கு லெப்டின் போட்டால் இந்தச் சரிவு பெருமளவு தடைப்பட்டது. ஆக, லெப்டின் இறங்குவதுதான் மூளைக்கு முக்கியமான சேதி: குதிரில் நெல் இல்லை, செலவைச் சுருக்கு. குதிர் நிறைந்து வழிவதைப் பற்றி மூளை அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. லெப்டினே இல்லாத குழந்தையின் மூளை, 90 கிலோ உடம்புக்குள் உட்கார்ந்துகொண்டு பஞ்சத்தில் தவிக்கிறது. துருக்கியில் இதே குறையோடு பருவ வளர்ச்சி குன்றியிருந்த பெரியவர்களுக்கு லெப்டின் கொடுத்தபோது எடை குறைந்ததோடு பருவ மாற்றங்களும் வந்ததற்குக் காரணம் இதுதான்.

கடைசியில் லெப்டின் மருந்துக்கடை ஏறியதும் ஒல்லியானவர்களுக்காகத்தான். உடலில் கொழுப்பே சேராத அரிய நோய் ஒன்று உண்டு. கொழுப்பு இல்லாததால் இந்த நோயாளிகளுக்கு லெப்டினும் இல்லை. தீராத பசி, கட்டுக்கடங்காத சர்க்கரை, ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு என்று அவர்கள் அவதிப்படுவார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இந்த நோயுள்ள ஒன்பது பெண்களுக்கு நான்கு மாதம் லெப்டின் கொடுத்தார்கள். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 60 சதவீதம் இறங்கியது, சர்க்கரையும் நன்றாகக் குறைந்தது. 2002இல் வந்த அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 2014இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது.

கேம்பிரிட்ஜ் குழு அதற்குப்பின் பசியோடு தொடர்புள்ள வேறு மரபணுக்களையும் தேடியது. கடுமையான பருமனுள்ள 300 குழந்தைகளை ஆராய்ந்து, சிலருக்கு 16ஆம் குரோமோசோமில் ஒரு துண்டே விடுபட்டிருப்பதை 2009 இறுதியில் அறிவித்தார்கள். அந்தச் சிலரிலேயே சிலர் பிரிட்டிஷ் சமூகநலத் துறையின் ஆபத்திலுள்ள குழந்தைகள் பட்டியலில் இருந்தார்கள். பெற்றோர் வேண்டுமென்றே அளவுக்கு மீறித் திணிக்கிறார்கள் என்பது அதிகாரிகளின் சந்தேகம். மரபணு அறிக்கை வந்தபின் பெயர்கள் நீக்கப்பட்டன.

ரத்தப் பரிசோதனையும் ஏமாற்றும் என்பது 2015இல் தெரிந்தது. ஜெர்மனியின் உல்ம் நகர மருத்துவர்களிடம் சிகிச்சைக்கு வந்த இரண்டு வயதுப் பையனுக்கு அதே அடங்காத பசி, அதே பருமன். லெப்டின் அளவோ கொழுப்புக்குத் தகுந்தபடி ஏராளமாக இருந்தது. எண்ணைப் பார்த்து லெப்டின் குறைபாடு இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கலாம். மார்ட்டின் வாபிட்ஷின் குழு மரபணுவையும் பார்த்தது. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்ததால் அவன் லெப்டின், அதைக் கேட்கும் காதான மூளையின் ஏற்பியில் போய்ப் பொருந்தவே இல்லை. வெளியிலிருந்து நல்ல லெப்டினைக் கொடுத்ததும் பசி அடங்கி எடை இறங்கியது. ரத்தத்திலுள்ள லெப்டின் எவ்வளவு என்பதோடு நிற்காமல், அது ஏற்பியில் ஒட்டுகிறதா என்றும் காட்டும் தனிப் பரிசோதனையை அந்தக் குழு பிறகு உருவாக்கியது.