நாள் குறியாத காத்திருப்பு

நோய் தரும் துன்பம் இருவகைப்படும். ஒன்று உடலை வருத்துவது. மற்றொன்று உள்ளத்தை அரிப்பது. முன்னதற்கு மருந்து தேடும் உலகம் பின்னதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. 2020ஆம் ஆண்டில் கொவிட் பெருந்தொற்றுப் பரவிச் சிகிச்சைகள் பிற்போடப்பட்டபோது, புற்றுநோயாளர் இவ்விரு துன்பங்களையும் ஒருங்கே சுமக்க நேர்ந்தது.

அவ்வாண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை இலங்கை முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி செல்லும் வீதியில் அமைந்துள்ள சாம்பல்தீவு போன்றதொரு கிராமத்து நோயாளிக்கு இதன் பொருள் யாது? கதிர்ச் சிகிச்சைக்கு அவர் மட்டக்களப்பு, கண்டி, மகரகமை முதலிய தூரத்து ஊர்களையே நாட வேண்டியிருந்தது. அச்சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று. பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரங்கள் தொடர்வது. பேருந்து ஓடவில்லை, மாவட்ட எல்லையைக் கடக்க அனுமதி வேண்டும், துணை செல்பவருக்குத் தங்குமிடம் வேண்டும். நாட்கூலியை நம்பிய குடும்பங்களில் வருவாயும் நின்றது.

இந்நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனம் 2020இல் 155 நாடுகளில் விசாரித்தபோது, அவற்றுள் 42 சதவீதமானவற்றிற் புற்றுநோய்ச் சிகிச்சை தடைப்பட்டிருந்தமை தெரியவந்தது. இந்தியாவின் 41 புற்றுநோய் நிலையங்களில், அவ்வாண்டு மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிந்தோர் தொகை, முந்திய ஆண்டின் அதே காலத்தைவிட 54 சதவீதம் குறைந்தது.

தாமதம் யாவும் அசட்டையால் விளைந்ததன்று. கீமோதெரபி மருந்துகள் வெண்குருதிக் கலங்களைக் குறைத்து நோயெதிர்ப்பு வலிமையைத் தளர்த்துவன. அவ்வேளையில் தொற்று ஏற்படின் உயிருக்கே ஆபத்து. ஆதலின், மெல்ல வளரும் சில புற்றுநோய்களில் வைத்தியர்கள் சிகிச்சையைச் சிறிது பிற்போட்டனர். மார்புப் புற்றுநோய் சிலவற்றில் சத்திரசிகிச்சைக்கு முன்னரே ஹோர்மோன் மாத்திரை கொடுத்துக் காலத்தை ஈட்டினர். எனினும், சத்திரசிகிச்சை நான்கு வாரம் தாமதித்தால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் வரை கூடுகிறது என 2020இல் வெளியான ஒரு பேராய்வு காட்டியது. எனவே நோயாளியின் அச்சம் வெறும் மனப்பிராந்தியன்று, காரணம் உடையது.

அந்த அச்சத்தைப் பெருக்குவது நாள் தெரியாமையே. இன்ன திகதியிற் சிகிச்சை என்று அறிந்தவர் நாட்களை எண்ணிப் பொறுத்திருப்பார். “பிறகு அறிவிப்போம்” என்று மட்டும் கேட்டவரோ இரவில் உறங்கார்; உணவில் விருப்பிழப்பார்; கட்டியை அடிக்கடி தடவிப் பார்த்து, அது பெருத்துவிட்டதோ என மயங்குவார். வீட்டாருக்குச் சுமையாகிவிட்டோம் என்ற எண்ணத்தாற் பலர் இதனை வாய்விட்டுச் சொல்வதுமில்லை.

சொல்லாத துயரை அறிய மருத்துவ உலகில் எளிய வழியொன்று உண்டு. காய்ச்சல்மானியின் வடிவில் வரைந்த, பூச்சியம் முதல் பத்து வரையான அளவுகோலில், சென்ற வாரம் தமக்கிருந்த மனவருத்தத்தை நோயாளியே குறித்துக் காட்டுவார். நான்கும் அதற்கு மேலும் எனின், அவரோடு மேலும் பேசி உதவ வேண்டும் என்பது வழக்கமான விதி. இதற்கு இயந்திரமும் வேண்டா. கேட்பதற்கு ஒருவர் இருந்தாற் போதும்.

வைத்தியசாலை செய்யத்தக்கதும் அரிதன்று. தாமதத்தின் காரணத்தைத் தொலைபேசியில் விளக்கி, சிகிச்சை நாள் உறுதியாகாவிடினும் அடுத்துப் பேசும் நாளையேனும் குறித்துச் சொல்லலாம். உறவினரும் “ஒன்றுமில்லை, பயப்படாதே” என்று வாயடைத்துவிடாமல், அவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டல் நன்று. துயர் மிகுந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம்.

கொவிட் தொடர்பான உலக அவசரநிலை 2023 மே மாதத்தில் முடிவுற்றது. ஆயினும் தாமதங்களுக்குக் காரணம் அது மட்டுமன்று. 2022இல் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்டபோது இலங்கை நோயாளர் மீண்டும் காத்திருக்க நேர்ந்தது. காத்திருப்பைத் தவிர்க்க இயலாத காலங்கள் இனியும் வரலாம். அக்காலங்களில், நோயாளியைச் செய்தியின்றித் தனியே காத்திருக்க விடாமை எவராலும் இயலும்.