பழைய ஜீப்பின் பலம் எங்கே போகிறது?

சங்கத்தின் பழைய டீசல் லான்ட் றோவர் மேட்டில் இழுக்கவில்லையா? புது எஞ்சின் பற்றி உடனே பேச வேண்டாம். பெரும்பாலும் அதன் பலம் அழுக்கிலும் உராய்விலும் அடைபட்டுக் கிடக்கிறது.

முதலில் அளந்துகொள்ளுங்கள். தாங்கியை நிரப்பி, 100 கிலோமீற்றர் ஓடி, மீண்டும் நிரப்பினால் செலவு தெரியும்.

கரும்புகை வந்தால் காற்றைக் கவனியுங்கள். எயார் கிளீனரின் எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றி, படிந்த சேற்றைக் கழுவி, குறித்த மட்டத்துக்குப் புது ஒயில் விடுங்கள். புகை நிற்காவிடின் இன்ஜெக்ரர்களைச் சோதிப்பியுங்கள். 2.25 லீற்றர் எஞ்சினில் வால்வு இடைவெளி 0.010 அங்குலம் இருக்க வேண்டும்.

அடுத்தது சில்லுகள். கியரை நியூட்ரலில் விட்டு, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஒவ்வொன்றாக ஜக்கில் உயர்த்திக் கையால் சுற்றுங்கள். இறுகினால் பிறேக் உரசுகிறது. தார் வீதியில் நான்கு சில்லு இழுவையைப் போடாதீர்கள். டீசலும் வீண், பற்சில்லுகளும் தேயும். மணலில் ரயர்க் காற்றைச் சற்றுக் குறைத்தால் வண்டி தாழாது; தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் காற்றடியுங்கள்.

1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாம். அந்தக் கெட்டித்தனம் டீசல் வண்டிக்கு ஆகாது. மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் குறைவு. டீசல் பம்ப் கெட்டுவிடும். பம்பைத் திருத்தும் செலவு மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

மிச்சமாகும் டீசல் சிறிதுதான். ஆனால் சொந்தக் காணியைத் துப்புரவாக்கப் போய்வரவும், விதைநெல் ஏற்றவும், நடுச்சாமத்தில் பிள்ளைத்தாய்ச்சியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவும் அதுவே உதவும். பொதுவில் உள்ளதைப் பேணுவதும் அயலவருக்குச் செய்யும் அன்புப்பணியே.