மரச் சுங்கான்

மரச் சுங்கான் என்பது புகையிலையை இட்டுப் புகைப்பதற்காக மரத்தில் செய்யப்படும் குழாய் ஆகும். பேச்சு வழக்கில் இது பைப் எனப்படுகிறது. பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படங்களில் செல்வந்தராக நடிப்பவரின் கையில் இருக்கும் வளைந்த குழாயாகவே தமிழர் பலர் இதை அறிவர். மரம் எரியும் பொருள். ஆனால் இக்கருவியில் நெருப்பு மரத்துக்குள்ளேயே வைக்கப்படுகிறது. மரம் கருகாமலும் வெடிக்காமலும் அந்த நெருப்பைத் தாங்கும்படி செய்வதே இக்கைவினையின் அடிப்படை.

உறுப்புகள்

சுங்கானுக்கு மூன்று பகுதிகள் உண்டு. புகையிலை எரியும் பகுதி கிண்ணம். அதிலிருந்து நீளும் மரப்பகுதி தண்டு. தண்டில் செருகப்பட்டு வாயில் வைக்கப்படும் பகுதி வாய்க்குழல். கிண்ணமும் தண்டும் பெரும்பாலும் ஒரே மரத்துண்டில் கடையப்படுகின்றன. வாய்க்குழல் எபோனைட் எனும் கடின ரப்பரிலோ அக்ரிலிக்கிலோ செய்யப்படுகிறது.

வரலாறு

புகையிலையின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்குள்ள பழங்குடியினர் கல்லிலும் களிமண்ணிலும் மரத்திலும் குழாய்கள் செய்தனர். 16ஆம் நூற்றாண்டில் புகையிலை ஐரோப்பாவை அடைந்தபோது அங்கே சுட்ட களிமண் குழாய்கள் பரவின. அவை விலை மலிவானவை. ஆனால் கை சுடும், எளிதில் உடையும். துருக்கியின் எஸ்கிசெகிர் பகுதியில் கிடைக்கும் மீர்சாம் எனும் மென்மையான வெண்கனிமத்தில் செய்த குழாய்கள் சிறந்தவையாக இருந்தாலும் விலை மிகுந்தவை. செர்ரி போன்ற சாதாரண மரங்களில் செய்தவை விரைவில் கருகின.

இதற்குத் தீர்வு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள சான்-குளோத் நகரில் உருவானது. அவ்வூர் ஒரு யாத்திரைத் தலம். அங்குள்ள கடைசல்காரர்கள் யாத்திரிகர்களுக்காக மரத்தில் செபமாலைகளும் சிறு பொருள்களும் பொம்மைகளும் செய்து விற்று வந்தனர். நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் தொழிலைப் போன்றதே அது. கடைசல் திறமை அங்கே முன்பே இருந்ததால், பொருத்தமான மரம் கிடைத்ததும் அவ்வூர் சுங்கான் தொழிலின் தலைநகராயிற்று.

பிரையர் வேர்முண்டு

அந்த மரம் பிரையர் எனப்படும் எரிக்கா ஆர்போரியா. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள கோர்சிகா, இத்தாலி, கிரீஸ், அல்ஜீரியா ஆகிய இடங்களின் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் புதர்ச்செடி இது. நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரமும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது.

சுங்கானுக்குப் பயன்படுவது இதன் கிளையோ தண்டோ அன்று. தண்டும் வேரும் சேருமிடத்தில் மண்ணுக்குள் திரண்டிருக்கும் வேர்முண்டே பயன்படுகிறது. காட்டுத்தீயில் செடியின் மேற்பகுதி முழுவதும் எரிந்துபோனாலும் இந்த முண்டிலிருந்து செடி மீண்டும் துளிர்க்கும். இதன் மரம் அடர்த்தியானது. ரேகைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதனால் சூட்டைத் தாங்கும், எளிதில் பிளக்காது. பயன்படும் அளவுக்கு முண்டு பருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

செய்முறை

தோண்டியெடுத்த முண்டு காய்ந்தால் வெடித்துவிடும். எனவே அறுக்கும் வரை நிழலில் ஈரத்துடன் வைக்கப்படுகிறது. அறுத்த கட்டைகளைக் கொதிநீரில் பல மணி நேரம் வேகவைப்பர். மரத்திலுள்ள சாறும் கசப்பான டானினும் அப்போது வெளியேறும். பிறகு கட்டைகள் காற்றோட்டமான நிழலில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், ஆறவிடப்படுகின்றன. இதில் அவசரப்பட்டால் முதல் நெருப்பிலேயே கிண்ணம் விரிசல் விடும்.

ஆறிய கட்டையில் வடிவம் வரைந்து, வெட்டி, கிண்ணக்குழியைச் சுமார் 2 செ.மீ. அகலத்திலும் புகைத்துளையைச் சுமார் 4 மி.மீ. அகலத்திலும் துளைக்கின்றனர். புகைத்துளை கிண்ணத்தின் அடிமட்டத்தில் சரியாக நடுவில் வந்து திறக்க வேண்டும். மேலே ஏறினால் அடியில் ஈரம் தேங்கும். ஓரமாக விலகினால் புகையிலை சீராக எரியாது. பின்னர் அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, சாயமிட்டு, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகால் மெருகேற்றுகின்றனர். பயன்படுத்தத் தொடங்கியபின் உட்சுவரில் மெல்லிய கரிப்படலம் படிகிறது. அதுவே பின்னர் மரத்துக்குக் கவசமாகிறது.

கைவேலையின் தனித்தன்மை

முண்டு வளரும்போதே மண்ணும் சிறு கற்களும் அதற்குள் சிக்கிக்கொள்வதுண்டு. இக்குறை வெளியே தெரியாது. நாள் முழுவதும் செதுக்கியபின் ஒரு குழி தென்பட்டால் அந்த உழைப்பு வீணாகலாம். தொழிற்சாலைகள் சிறு குழிகளைப் பூச்சால் அடைத்துவிடுகின்றன. கைவினைஞர் வடிவத்தை மாற்றுவார் அல்லது கட்டையை ஒதுக்கிவிடுவார்.

சுவீடனில் பிறந்து டென்மார்க்கின் கோபன்கேகனில் பணியாற்றிய சிக்ஸ்டன் இவார்சன் (1910–2001) இத்துறையில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தார். முதலில் துளையிட்டுப் பிறகு வடிவமைப்பதே அதுவரை வழக்கம். அவர் மரத்தின் ரேகை போகும் போக்கைப் பார்த்து முதலில் வடிவத்தைச் செதுக்கினார். துளையைப் பின்னர் இட்டார். இதனால் இயந்திரம் தர முடியாத வடிவங்கள் உருவாயின.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

போர்த்துகீசியர் வழியாகப் புகையிலை இந்தியாவுக்கு வந்தது. முகலாயர் காலத்தில் நீரின் வழியே புகையை இழுக்கும் உக்கா பரவியது. மண்ணாலான சிலும்பியும் வழக்கில் இருந்தது. நாகர்களும் மிசோக்களும் மூங்கிலில் குழாய்கள் செய்தனர். தமிழகத்தில் இலையையே சுருட்டிப் புகைக்கும் பழக்கம் வேரூன்றியது. சுருட்டுக்குத் தனிக் கருவி தேவையில்லை. ஆங்கிலத்தின் செரூட் எனும் சொல் தமிழ்ச் 'சுருட்டு' என்பதிலிருந்து பிறந்ததே.

உடல்நலமும் தொழிலின் நிலையும்

சுங்கான் புகையை ஆழமாக இழுப்பதில்லை என்பதால் தீங்கு குறைவு என்ற எண்ணம் தவறானது. சுங்கான் புகைப்போருக்கு உதட்டுப் புற்றுநோய் வருவதை ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் சோமரிங் 1795இலேயே குறிப்பிட்டார். வாய், தொண்டை, குரல்வளை, நுரையீரல் ஆகியவற்றிலும் இது புற்றுநோயை உண்டாக்கும். இந்தியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரங்களையும் 18 வயதுக்குட்பட்டோருக்கான விற்பனையையும் தடை செய்கிறது. பொது இடங்களில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக்கப்பட்டது.

புகைப்பவர் குறைந்ததால் தொழிலும் சுருங்கியது. ஊரே சுங்கான் செய்த சான்-குளோதில் இன்று சில பட்டறைகளே எஞ்சியுள்ளன. முன்னோரின் வேலைப்பாடுகளை அவ்வூர்க் காட்சியகத்தில் காணலாம்.