முடியாத கதைகளும் நம் பிள்ளைகளும்



"எந்நேரமும் அந்தப் படக்கதைதானா?" என்ற அதட்டல், நூம்பல், பூந்தமல்லி, ஆவடி எனப் பல இடங்களில் வீட்டுக்கு வீடு கேட்கிறது. பிள்ளைகள் கைப்பேசியில் படிப்பது பெரும்பாலும் 'மங்கா' எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதை. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது 'ஒன் பீஸ்'. எயிச்சிரோ ஓடா 1997-இல் தொடங்கிய இக்கதையில், ரப்பர் போல நீளும் உடல் கொண்ட லூஃபி என்ற இளைஞன், தோழர்களோடு புதையல் தேடிக் கடலில் செல்கிறான். ஐந்து ஆண்டுகளில் முடிக்க நினைத்த கதை, 2021-இல் நூறாவது தொகுதியைத் தொட்டது.

இதைக் கண்டு வியக்கும் நாம், நம் வீட்டுத் தாத்தாவை மறந்துவிடுகிறோம். அவரும் தினத்தந்தியைக் கையில் எடுத்ததும் தேடியது ஒரு கடல் பயணக் கதையைத்தான். அதுதான் 'கன்னித்தீவு'. 1960-இல் தொடங்கி, அறுபது ஆண்டுகளையும் கடந்த தொடர் அது. முதலில் ஓவியர் கணு வரைந்தார். பின்னர் வேறு ஓவியர்கள் தொடர்ந்தனர். மந்திரவாதி மூசா, இளவரசி லைலாவைப் பொம்மை அளவுக்குச் சிறிதாக்கிவிடுகிறான். அவளைப் பழைய உருவுக்குக் கொண்டுவர வீரன் சிந்துபாத் அலைகிறான். ஒரு வேலை இழுத்துக்கொண்டே போனால் "கன்னித்தீவு மாதிரி" என்று நாம் சொல்வதும் இதனால்தான்.

இக்கதை ஏன் முடியவில்லை? அரபுக் கதையில் வரும் சிந்துபாத் ஒரு வணிகன். ஏழு பயணங்கள் முடித்து வீடு திரும்புகிறான். நாளிதழ்ச் சிந்துபாத்துக்கோ வீடு திரும்ப வழியில்லை. ஒவ்வொரு நாளும் சில கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் ஓர் ஆபத்து. மறுநாள் வாசகர் தேடி வர வேண்டும். ஓர் ஆபத்து தீருமுன் அடுத்தது வந்துவிடும்.

குறைகளும் உண்டு. லைலா பெரும்பாலும் காப்பாற்றப்பட வேண்டியவளாகவே இருக்கிறாள். ஒன் பீஸில் பெண்களும் போராடுகிறார்கள். ஆயினும் அவர்களை வரைந்திருக்கும் விதம் பல இடங்களில் சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. சண்டையும் மிகுதி. ஆகவே வயது பார்த்துக் கொடுப்பது பெற்றோர் கடமை.

நன்மையையும் மறைக்கலாகாது. எளியவரும் படிக்கும் தமிழில் செய்தி தர வேண்டும் என்று சி. பா. ஆதித்தனார் 1942-இல் தொடங்கிய நாளிதழ் அது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பலருக்குக் கன்னித்தீவு தினசரிப் பாடமாக இருந்தது. கொடுத்த வாக்கைக் கைவிடாத சிந்துபாத்தும், தோழரைக் கைவிடாத லூஃபியும் பிள்ளைகள் மனத்தில் தங்குவது இயல்பே.

எனவே, பிடுங்கி வைப்பதற்கு முன் அருகில் அமர்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. இவன் யாருக்காகப் போராடுகிறான்?
2. வலிமையை எதற்குப் பயன்படுத்துகிறான்?
3. இதில் உனக்குப் பிடிக்காதது எது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளை, தானே தரம் பிரிக்கக் கற்றுக்கொள்கிறது. பிடுங்கப்பட்ட பிள்ளையோ மறைந்து படிக்கத்தான் கற்றுக்கொள்ளும். நம் வீட்டில் எது நடக்க வேண்டும்? சிந்திப்போம்.