கதவுக்கு முன் லிண்டலைக் கேளுங்கள்

வியாபாரத்தில் கை கொஞ்சம் நிமிர்ந்ததும் நம்மவர்கள் முதலில் வீட்டைத்தான் பார்ப்பார்கள். பின் வளவுப் பக்கத்து மூன்றடிக் கதவைக் கழற்றிவிட்டு எட்டடி அகலத்தில் கண்ணாடி போட்ட அலுமினிய ஸ்லைடிங் கதவு வைக்கும் ஆசை பலருக்கும் வந்துவிட்டது. காற்று வரும், வெளிச்சம் வரும். நல்ல காரியம்தான். காசு கரையும் இடம் எதுவென்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

என் மச்சான் ஒருவர் கதவுக்கு முழுப்பணத்தையும் கட்டிய பிறகுதான் மேசன் பாஸைக் கூப்பிட்டார். பாஸ் கேட்ட முதல் கேள்வி: "மேலே இருக்கிறதை எது தாங்கும்?" கதவு விற்றவரின் விலைமனுவில் லிண்டல் இல்லை. மேசன் சொன்ன கூலியிலும் அது சேரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்த அந்தச் செலவு, கடைசியில் கதவின் விலையையே எட்டிப் பிடித்தது.

மூன்றடி வாசலின் லிண்டல் எட்டடிக்கு உதவாது. புதிய லிண்டல் இரு பக்கமும் சுவருக்குள் குறைந்தது ஆறு அங்குலமாவது உட்கார வேண்டும். ஒன்பது அங்குலம் என்றால் நிம்மதி. அப்படியானால் எட்டடி வாசலுக்கு ஒன்பதரை அடி லிண்டல். அதன் பிரதான கம்பிகள் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும். கொங்றீட் ஊற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், நடுவில் மிதக்க விட்டுவிடுவார்கள். அந்தச் சுவரில் மேல்மாடித் தட்டோ வளையோ ஏறியிருந்தால் மேசனின் அனுபவம் போதாது. பொறியியலாளர் ஒருவர் கணக்குப் பார்க்க வேண்டும்.

உடைக்கும் முன் சுவரின் மேற்பகுதியில் துளையிட்டு, பலமான மரங்களைக் குறுக்கே செலுத்தி, உள்ளும் வெளியும் முட்டுக் கொடுக்க வேண்டும். கொங்றீட் ஊற்றிய பிறகும் இரண்டு வாரமாவது முட்டை எடுக்கக் கூடாது. "நாலு நாள் போதும் முதலாளி" என்பவருக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெளியே செங்கல் முகப்பு, உள்ளே சீமெந்துக் கல் என்று கட்டிய வீடுகளில் இன்னொரு சிக்கல். லிண்டலை உள் சுவருக்கு மட்டும் வைத்தால் முகப்புக் கற்கள் அந்தரத்தில் நிற்கும். பிறகு வாசலின் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஏறும். லிண்டல் முழுச் சுவருக்கும் அகலமாக இருக்க வேண்டும், அல்லது முகப்புக்குத் தனியாகத் துருப்பிடிக்காத இரும்புக் கோணம் வேண்டும். கழற்றும் கற்களை உளியால் பத்திரமாக எடுத்து வையுங்கள். பழைய கல்லின் நிறத்துக்குப் புதுக் கல் தேடி அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

கதவு விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அட்வான்ஸ் வாங்கும் முன் சுவரைப் போய்ப் பாருங்கள். சுவர் உடைப்பு, முட்டு, லிண்டல், பூச்சு ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்று விலைமனுவிலேயே எழுதிவிடுங்கள். இறுதி அளவை, லிண்டலும் பூச்சும் முடிந்த பிறகே எடுங்கள். பதப்படுத்திய கண்ணாடியைப் பிறகு ஒரு நூல் அளவுகூட வெட்ட முடியாது.

மச்சானின் கதவு இரண்டு மாதம் ஹோலில் சாய்ந்து கிடந்தது. பொருத்தப் போனபோது உயரத்தில் முக்கால் அங்குலம் இடித்தது. கண்ணாடியை வெட்ட முடியாமல் தரையை வெட்டி இறக்கினார்கள். இப்போது மழை அடித்தால் அந்த இடத்தில் பழைய சாரனொன்றைச் சுருட்டி வைக்கிறார்கள்.