மலைப் பள்ளிகளில் சித்திரக் கல்வி

சித்திரப் பாடம் வெறும் பொழுதுபோக்கே என்று எண்ணுவோர் இன்றும் பலர் உளர். தேர்வு நெருங்குங்கால் முதலில் பறிபோவது அப்பாடவேளையே. தறியையும் தோட்டத்தையும் நம்பி வாழும் நாம் இவ்வெண்ணத்தை ஏற்பதற்கில்லை.

பண்ணைக்காட்டுத் தோட்டங்களையே எடுத்துக்கொள்வோம். காப்பிச் செடியில் நன்கு சிவந்த பழத்தை மட்டுமே பறித்தல் வேண்டும். காயும் அரைப்பழமும் கலந்தால் சுவை கெடும். மலைவாழையை முடிக்கொத்து நோய் பற்றினால், இலையின் நரம்பிலும் காம்பிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் முதலில் தோன்றும். பின்னரே இலைகள் குறுகி, நிமிர்ந்து, கொத்தாகும். 1970-களில் இந்நோய் இம்மலைகளின் வாழைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. ஓர் இலையை உற்று நோக்கி வரைந்து பழகிய பிள்ளைக்கு இத்தகைய நுண்ணிய வேறுபாடு எளிதில் புலனாகும் அன்றோ? சித்திரக் கல்வி கையைப் பழக்குமுன் கண்ணைப் பழக்குகிறது.

நெசவுக்கு இதன் பயனைச் சொல்லவும் வேண்டுமோ? கரையும் முந்தானையும் கட்டத்தாளில் வரையப்பட்ட பின்னரே ஜக்கார்டு அட்டையில் துளைகளாகின்றன. 1956-ஆம் ஆண்டு முதல் அமைக்கப்பட்ட நெசவாளர் சேவை மையங்களில் ஓவியரும் நெசவாளரும் கூடிப் புதிய வடிவங்களை ஆக்கினர். சாந்திநிகேதனத்தில் பயின்ற ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன், 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றினார். கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் 1966-இல் சோழமண்டலக் கலைக் கிராமத்தை அமைத்த ஓவியர்கள், பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுத் தம் வாழ்வுக்கு வழி தேடினர். கலை சோறு போடுமோ என்பார்க்கு இது தக்க விடையாகும்.

காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் வகுத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே கல்வியின் நடுவில் வைத்தது. சின்னாளபட்டியை அடுத்த காந்திகிராமத்தை டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் 1947-இல் நிறுவிய ஜி. இராமச்சந்திரனும் சாந்திநிகேதனத்தில் பயின்றவரே. ஆகவே இக்கொள்கை நம் மாவட்டத்திற்குப் புதிதன்று.

எனினும் குறை ஒன்று உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கே பகுதிநேரக் கலையாசிரியரை விதிக்கிறது. தமிழகத்தில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். வாரத்திற்கு மூன்று அரைநாட்களே அவர்களுக்குப் பணி வகுக்கப்பட்டது. சிதறிய மலைச் சிற்றூர்களிலோ ஒரு பள்ளியில் 100 பிள்ளைகள் சேர்வதே அரிது. சமவெளிப் பிள்ளைக்குக் கிட்டும் கல்வி, பள்ளி சிறியது என்பதனாலேயே மலைப் பிள்ளைக்குக் கிட்டாமற் போவது நியாயமாகுமா?

தனித்து இயலாததைக் கூடிச் செய்வதே கூட்டுறவு. அண்மையிலுள்ள சில பள்ளிகள் சேர்ந்து ஓர் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ளுமாறு அரசை வேண்டுவோம். தாளும் வண்ணமும் வாங்கச் சங்கங்கள் தம் பொதுநல நிதியில் ஒரு சிறு தொகை ஒதுக்கலாம். கைதேர்ந்த நெசவாளர் ஒருவர் மாதம் ஒருமுறை பள்ளிக்குச் சென்று தம் தொழிலை விளக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை ஆராய்ந்து தீர்மானிக்க வேண்டுகிறோம்.